ஆற்றடிக் குடித்தனம்

ஓர் ஆறு என்ன விலை பெறும்? பெரிய மனிதர்களைக் கேட்டால் கமிட்டி போடுவார்கள். பாத்திரக்கடைக்காரியைக் கேட்டால் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள்: டீ வடிகட்டி ஒன்று, வெள்ளைப் பீங்கான் தட்டு இரண்டு, பழைய பல் பிரஷ் ஒன்று, புருவம் திருத்துகிற இடுக்கி ஒன்று. அவ்வளவுதான். இந்தச் சாமான்களை வைத்துக்கொண்டுதான் அவள் புருஷன், ஊரைச் சுற்றி ஓடுகிற ஆறு பிழைத்துக் கிடக்கிறதா, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டுகள் அவள் கடையிலேயே உசத்தி ரகம். இடுக்கி அவளுடைய சொந்த இடுக்கி. வடிகட்டியும் அவளுடையதுதான். திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னாலும் வாங்கிக்கொள்கிற நிலைமையில் அவள் இல்லை.

தெருவில் அவருக்குப் பூச்சிக்காரர் என்று பெயர். தண்ணீர் ஆய்வு ஆபீஸில் வேலை. ஆபீஸில் மேசை உண்டு, மேசைமேல் கம்ப்யூட்டர் உண்டு, புழுவைப் பரப்ப மட்டும் இடம் கிடையாது. அதனால் ஆற்றின் அடிமட்டம் மொத்தமும் அவள் சமையலறைக்குக் குடிவந்தது. தொடைவரை ரப்பர் பூட்ஸ் போட்டு ஆற்றில் இறங்குவார். வலையைத் தண்ணீர் போகிற பக்கம் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிடம் காலால் கல்லையெல்லாம் உதைத்துப் புரட்டுவார். கல்லுக்கடியில் ஒளிந்திருக்கிற ஜீவராசிகள் வந்து வலையில் விழும். அவற்றை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் வைப்பார். பிறகு தட்டில் ஊற்றி, வால் எத்தனை, கால் எத்தனை, செவுள் எந்தப் பக்கம் என்று பிரிப்பார். ஒரு தட்டைப் பிரித்து முடிப்பதற்குள் அவள் கடைக்குப் போய் நான்கு குடம் விற்று, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். அப்போதும் மனிதர் குனிந்தபடிதான் இருப்பார்.

"ஏங்க, என் கண்ணாடியப் பாத்தியான்னு இப்ப கேக்கப் போறீங்க. நெத்தியில இருக்கு."

"ஓ" என்பார், நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இது ஒன்றுதான் அவர்கள் தவறாமல் பேசிக்கொண்ட பேச்சு.

அன்று காலை தட்டில் இருந்தது சலவை ஆலைக்குக் கீழே எடுத்தது. சலவை ஆலை அவள் தம்பியுடையது. ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற ஆலை. உரிமம் புதுப்பிக்கிற நேரம். ஆலைக்குக் கீழே ஆறு ஓடுகிற கீழ்மடைக்கு, அங்கே குடியிருக்கிற பூச்சி புழுக்களின் கணக்கில் நாற்பது மார்க் வந்தால் உரிமம். வராவிட்டால் கழிவுத் தொட்டி கட்டி முடிக்கிறவரை பூட்டு. அப்பா கடையை அவளுக்கும் பழைய வீட்டைத் தம்பிக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனவர். அவள் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் துரத்தி, ஆளாக்கிய தம்பி. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அவன் வாசல் ஒன்றுதான். அந்த வாசல் இப்போது இந்தத் தட்டில் மிதந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு வந்திருக்கு?" என்றாள், முந்தினநாள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே.

"மூணு."

"முப்பத்து மூணா?"

"மூணு. சிவப்புப் புழுவுக்கு ரெண்டு. சேத்துப் புழுவுக்கு ஒண்ணு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டை எட்டிப் பார்த்தாள். சிவப்புப் புழு, அறுந்த நூல் மாதிரி, கொத்துக்கொத்தாக நெளிந்தது.

"இவ்வளவு கெடக்கே! கைப்பிடி தேறும். ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு ரெண்டுன்னு போட்டா நூறு தாண்டுமே!"

"எத்தனை இருந்தாலும் ஒரு இனத்துக்கு ஒரு தடவைதான்."

"நல்லா இருக்கே கதை! மொத்தமா வாங்கினா விலை குறையும், கேள்விப்பட்டிருக்கேன். மொத்தமா குடுத்தாலும் ஒண்ணோட விலைதான்னு சொல்ற கடைய இங்கதான் பாக்குறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தாள் என்றால் பேரம் ஆரம்பம். "சரி, ஒரு முப்பத்தஞ்சு போடுங்க. மிச்சம் அஞ்சுக்கு அவன் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுக்கட்டும்."

"மூணு."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். இருவத்தஞ்சு."

"இது தக்காளியா?"

"தக்காளிக்காரன் கூட இந்நேரம் ரெண்டு எறங்கியிருப்பான்! இருவது. கடைசி விலை. எழுந்து போயிடுவேன்."

"போயேன்" என்றார் அவர், இடுக்கியில் ஒரு புழுவைத் தூக்கிப் பார்த்தபடி.

பேரத்தில் எழுந்து போகிறேன் என்றால் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட வேண்டும். அதுதான் மரியாதை. கடைத்தெருவில் பிறந்தவளுக்கு, கூப்பிடாத மனிதனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று இன்றுவரை பிடிபடவில்லை. போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், மேசை விளிம்பைத் துடைத்தாள்.

"பாட்டில்ல புடிச்ச தண்ணியெல்லாம் பாஸ் ஆயிருக்காமே? தம்பி சொன்னான். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, அடி தெரியுதுங்கறான்."

"அடி தெரியுது. அடியில ஆள் யாருன்னு கேளு." அவர் முதல்முறையாக நிமிர்ந்தார். "அவன் விடறது ப்ளீச்சிங் தண்ணி. பாட்டில் ஆபீஸுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மருந்து பறந்துடும், தண்ணி நல்ல புள்ளையாயிடும். தண்ணி வந்துட்டுப் போற ஆளும்மா. இவங்க அப்படியில்ல. இவங்க குடித்தனக்காரங்க. வருஷம் பூரா அங்கயே கெடந்து எல்லாத்தையும் தின்னு குடிச்சவங்க. இவங்ககிட்ட விசாரிச்சாத்தான் உண்மை வரும்."

"சரி, நாப்பது வரணும்னா எந்தக் குடித்தனக்காரங்க இருக்கணும்?"

அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. பூச்சிக்காரர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைய ஆரம்பித்தார். இரட்டை வால் பூச்சிக்குப் பத்து; சுத்தமான, வேகமான தண்ணீரில்தான் இருக்கும். தட்டை உடம்பு மூணு வாலுக்குப் பத்து. மணலைப் பொறுக்கிப் பொறுக்கித் தன்மேல் குழாய் மாதிரி வீடு கட்டிக்கொள்கிற கூட்டுப் புழுவுக்குப் பத்து. கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கிற வட்டப் பூச்சிக்குப் பத்து. தட்டான் குஞ்சுக்கு எட்டு. நத்தைக்கும் அட்டைக்கும் மூன்று மூன்று. எண்ணுகிற நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். செத்தது மேலே எங்கிருந்தோ மிதந்து வந்ததாக இருக்கலாம், அது கணக்கில் வராது.

அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. விலைப்பட்டியலை எழுதிவைத்துப் பழக்கமில்லாத வம்சம். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும்.

தம்பி மறுநாள் கடைக்கு வந்தான். அடுக்கியிருந்த சட்டிகளை இடித்துக்கொண்டு வந்து, கவிழ்த்து வைத்திருந்த பெரிய குத்துப்போணிப் பாத்திரத்தின் மேலே உட்கார்ந்தான்.

"அக்கா, மாமாகிட்ட சொல்லிவை. சொந்தக்காரன் வயித்துல அடிக்கறதுக்கு ஒரு புழு, அதுக்கு ஒரு மார்க்கு. ஊர்ல கேட்டா வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க."

"நானும் எவ்வளவோ பேசிப் பாத்தேன்டா. மூணுக்கு மேல நகர மாட்டேங்கறாரு. செவுத்துகிட்ட பேரம் பேசினாக்கூட சுண்ணாம்பாவது உதுரும். நீ அந்தத் தொட்டியத்தான் கட்டித் தொலையேன்!"

"எங்க கட்டறது? துணி காயப்போடற முத்தத்துலயா? அப்புறம் விரிப்பை உன் கடையில வந்து காயப்போடவா?" அவன் விசிறிக்காக அண்ணாந்து பார்த்தான். "தொண்டை காயுது. கேன் தண்ணி இருக்கா?"

அவன் எப்போதும் கேன் தண்ணீர்தான் கேட்பான். கடையிலும் சரி, வீட்டிலும் சரி. ஃப்ரிட்ஜில் இருக்கிற புழுக்களுக்குப் பயந்து என்று அவள் நினைத்திருந்தாள். அவனுக்கென்று ஒரு கேன் வாங்கி வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். அண்ணாந்து குடித்தான்.

"மறுசோதனை கேட்டிருக்கேன். என் முன்னாடி எடுக்கணும்னு. என் தரப்புச் சாட்சியா நீ வா. அது சரி, அந்த மார்க்கு எது எதுக்கு எவ்வளவு?"

"எதுக்குடா?"

"தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான்."

மூடியைத் தூக்கிப் பார்க்கிற தினுசிலேயே வாடிக்கையாளன் வாங்குவானா மாட்டானா என்று சொல்லிவிடுகிறவள் அவள். தம்பி குரலில் இருந்தது அவள் மூக்குக்கு எட்டாமல் போயிருக்காது. எட்டியது. மூக்கைத் திருப்பிக்கொண்டாள். பட்டியலை ஒப்பித்தாள். இரட்டை வாலில் ஆரம்பித்து அட்டைவரை, தள்ளுபடி இல்லாமல்.

மறுசோதனை நாளில் வெயில் ஏறுவதற்கு முன்பே மூவரும் ஆற்றங்கரையில் நின்றார்கள். மேலே ஆலை முற்றத்தில் வெள்ளை விரிப்புகள் வரிசையாக அசைந்துகொண்டிருந்தன. தண்ணீர் தம்பி சொன்னபடியே கண்ணாடிதான். அடியில் கிடந்த கல்லெல்லாம், தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம்போல வெளுத்திருந்தன. பாசி இல்லை, வழுக்கல் இல்லை. ஒரு பளபளப்பு. கடையில் அப்படி ஒரு பளபளப்பைப் பார்த்தால், புளி போட்டுத் தேய்த்ததா, பூச்சு போட்டு ஏமாற்றியதா என்று அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்திருப்பாள்.

சோதனை செய்கிற இடத்துக்கு அடையாளமாக ஓர் இரும்பு முளை அடித்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் இருபது முப்பது கல், கறுகறுவென்று, பாசி படர்ந்து, குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி கூட்டமாக உட்கார்ந்திருந்தது.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணடித்தான்.

"மலையடி ஓடையில இருந்து" என்றான் அவள் காதோடு. "பத்து மார்க்கு சரக்கு மட்டும் பாத்துப் பொறுக்கச் சொன்னேன். மூணு கூடை வழியிலயே செத்துப்போச்சு. இது நாலாவது. நேத்துலேர்ந்து ஆலையக்கூட நிறுத்தி வெச்சிருக்கேன்."

"அட பாவி! புழுவ விலைக்கு வாங்கினியா?"

"நீதானேக்கா விலை சொன்ன?"

 

பூச்சிக்காரர் கல்லைப் பார்த்தார், முளையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். போன வருஷம் ஒன்று ஆற்றோடு போனதிலிருந்து அது வழக்கம். அவள் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் இறங்கி, வலையைப் பிடித்து, மூன்று நிமிடம் உதைத்தார். தட்டில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு, வலையை உதறிக் கவிழ்த்துக் கரையில் வைத்தார்.

தம்பி தட்டின்மேல் கவிழ்ந்தே விட்டான். "மாமா, இதோ இரட்டை வாலு! இது மூணு வாலு, தட்டை! இதோ கூட்டுப் புழு, வீட்டோட வந்திருக்கு! இந்த வட்டமா இருக்கறது வட்டப் பூச்சிதானே? நாலு பத்து நாப்பது!"

"மாப்ள, ரொம்பத்தான் படிச்சிருக்கீங்க." அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அது நெளிகிற புள்ளிகள்தான். "நத்தை இல்லையா?"

"இல்ல."

"அட்டை?"

"அந்தச் சில்லறையெல்லாம் எதுக்கு மாமா?"

"அப்ப கோடீஸ்வரங்க நாலு பேர் மட்டும் குடியிருக்கற தெரு. மளிகைக்கடை இல்ல, முடிவெட்டற கடை இல்ல, டீக்கடை கூட இல்ல. நல்ல தெரு."

தம்பி காது சிவந்தது. ஆனால் அவன் விடவில்லை. "எது எங்க இருக்கணும்னு சட்டத்துல எழுதியிருக்கா? மொத்தம் எவ்வளவுன்னுதானே கேக்குது?"

"மொத்தம்தான் கேக்குது" என்று அவர் ஒப்புக்கொண்டார். "கல்லு எப்படி வந்துச்சுன்னு நான் கண்ணால பாக்கல. உயிரோட நாப்பது இருந்தா நாப்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன ஜென்மம் இது! தம்பிக்காக மூன்றை நான்காக்க மாட்டார். தனக்காக நாற்பதை முப்பத்தொன்பதாகவும் ஆக்க மாட்டார். கண்ணெதிரே பித்தலாட்டம் உட்கார்ந்து பல் இளிக்கிறது, இவர் பேனாவைத் தேடுகிறார். நாளைக்கு எவனாவது வந்து கல்லைப் புரட்டினால் அடியில் இருக்கப்போவது இவர் பெயர். கையெழுத்து மட்டுமே சொத்தாக வைத்திருக்கிற மனிதர். இந்தப் பக்கம் தம்பி. அவளுக்கு இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்து ஆற்றில் அமுக்கலாம் போலிருந்தது.

"ஏங்க, இது ஏன் தண்டால் எடுக்குது?" என்றாள். இரட்டை வால் பூச்சி, தட்டின் அடியைக் காலால் பற்றிக்கொண்டு, உடம்பை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

"மூச்சு முட்டினா அப்படித்தான். உடம்பை ஆட்டித் தன்மேல தண்ணிய வீசிக்கும். நமக்கு விசிறி மாதிரி. இந்தத் தண்ணியில ரொம்ப நேரம் தாங்காது."

"சீக்கிரம் எண்ணுங்க மாமா" என்றான் தம்பி. "அதுக்கு முன்னாடி ஒரு டீ குடிங்க. இல்ல, எண்ணிட்டுக் குடிங்க."

ஃப்ளாஸ்க்கும் மூன்று டம்ளரும் கொண்டுவந்திருந்தான். டம்ளரில் ஆலைத் தூசி படிந்திருந்தது. பாத்திரக்கடைக்காரிக்கு அது பொறுக்குமா? எடுத்துக்கொண்டு போய், குனிந்து, ஆற்றில் முக்கினாள்.

"அக்கா! அதுல வேணாம்!"

குரல் ஆற்றைத் தாண்டிப் போய் எதிர்க்கரையில் மோதித் திரும்பியது. தம்பி ஓடிவந்து அவள் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினான். காரிலிருந்து கேன் தண்ணீரை எடுத்து ஊற்றி, உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினான். அவள் விரலையும் நீட்டச் சொல்லி ஊற்றினான். பிரியமாகத்தான் செய்தான். அதுதான் தாங்கவில்லை.

அவள் அப்பா எந்தப் பாத்திரத்தையும் தட்டிக் காட்டாமல் விற்றதில்லை. ஓட்டை இல்லாதது கணீர் என்னும். கீறல் விழுந்தது, எவ்வளவு பளபளத்தாலும், தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம் போடும். தம்பி போட்ட சத்தம் அதுதான். அவன் ஏன் எப்போதும் கேன் தண்ணீர் குடித்தான் என்று இப்போது அவளுக்கு விளங்கியது. அவள் வீட்டுக் குழாய் இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. கீழ்மடையிலிருந்து. அந்தத் தண்ணீரைத்தான் அவள் தினமும் குடிக்கிறாள். அவன் கேன் கேட்டான். நீயும் கேன் வாங்கிக்கொள் அக்கா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொன்னதில்லை.

"கண்ணாடியக் குடு" என்றார் பூச்சிக்காரர்.

அவள் பையைத் திறந்தாள். கண்ணாடி மேலாகவே இருந்தது. கையை அதற்கும் கீழே விட்டாள்.

"இங்கதான் வெச்சேன்" என்றாள்.

சாவிக்கொத்தை எடுத்துக் கல்மேல் வைத்தாள். கடை ரசீதுக் கத்தையை எடுத்து வைத்தாள். கைக்குட்டை, சீப்பு, தலைவலித் தைலம். தட்டில் இரட்டை வால் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி.

"அக்கா, சீக்கிரம்!"

"இருடா, பையில ஒரு ஊரே இருக்கு."

"மாமா, கண்ணாடி இல்லாமலே எண்ணுங்களேன். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"நான் பாக்காம எழுத முடியாது, மாப்ள."

பையை மடியில் கவிழ்த்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். விரல்களுக்கு நடுவில் கண்ணாடிக் காம்பு ஒரு விநாடி வெயிலில் மின்னி, மறுபடி உள்ளே போனது. தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூச்சிக்காரர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸோடு ஒரு கல்மேல் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"அவசரமில்ல" என்றார். "நல்லாத் தேடு."

எல்லாக் காரியத்திலும் ஆமையாக நகர்ந்து இத்தனை வருஷம் அவள் உயிரை வாங்கிய மனிதர். இன்று அந்த மெதுவின்மேல் அவளுக்கு ஒரு சொட்டுக்கூடக் கோபம் வரவில்லை.

தம்பிக்கு விஷயம் புரிந்தபோது அவன் கத்தவில்லை. தட்டின் பக்கத்தில் குந்தி, விரலால் மூணு வாலை மெல்லத் தள்ளிப் பார்த்தான். அது தள்ளின பக்கம் போனது. இழுத்த பக்கம் வந்தது.

"நெத்தியில இருக்கற கண்ணாடியையே எடுத்துக் குடுப்பியே அக்கா" என்றான். "கையில இருக்கறதா கெடைக்கல?"

அவள் கண்ணாடியை எடுத்து, முந்தானை முனையால் துடைத்து, புருஷனிடம் நீட்டினாள்.

"தொட்டியக் கட்டுடா."

"இனிமே என் வாசல் பக்கம் வந்துடாத." காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு, ஃப்ளாஸ்க்கை அங்கேயே மறந்துவிட்டு, விரிப்புகளுக்கு நடுவே ஏறிப் போனான். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பூச்சிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். வழக்கம்போலவே எண்ணினார், ஒவ்வொன்றையும் இடுக்கியால் தொட்டு, காத்திருந்து, மறுபடி தொட்டு. அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவர் கேட்கவில்லை, அவளாகத்தான் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"இரட்டை வால்?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல."

"மூணு வால்?"

"இல்ல."

"வட்டப் பூச்சி?"

"இல்ல."

"கூட்டுப் புழு?"

அவர் அந்த மணல் குழாயைக் கவிழ்த்துப் பார்த்தார். "வீடு இருக்கு. ஆள் இல்ல."

தட்டின் மூலையில், கறுப்புக் கல்லுக்கு அடியில் ஏற்கனவே குடியிருந்த ஒரு சிவப்புப் புழு மட்டும், வந்தவர்கள் போனவர்கள் யாரையும் கண்டுகொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தது.

"சிவப்புப் புழு. ஒண்ணு."

அவள் எழுதினாள். வரவு இரண்டு. வேண்டியது நாற்பது. ஆற்றுக்குத் தம்பி தர வேண்டிய பாக்கி முப்பத்தெட்டு. கோடு கிழித்தாள். கோட்டுக்குக் கீழே பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். ஒரு பிறந்த வீட்டை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று தெரியவில்லை. எழுதாமலே மூடினாள்.